திரையில் இருந்தவன் நம்ம ஆள்

திலக் நகர் சங்கரனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வது நல்லது. சொல்லச் சொல்லத் தொண்டை எரியும்.

அவருடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை ஆலோசகர், நீரடிப் பாதுகாப்பு' என்று ஆங்கிலத்தில் தங்க எழுத்தில் போட்டிருக்கும். நீரடியாம்! அந்த மனிதர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே கிடையாது. ஜூஹூ கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனால்கூடச் செருப்பும் கையுமாக மணலிலேயே நின்றுகொண்டு, "போறும் சுப்பு, ஜாஸ்தி உள்ளே போகாதே" என்று பெண்டாட்டி சுப்புலக்ஷ்மியை அதட்டிக்கொண்டிருப்பார். அவள் கணுக்கால் அளவு நனைந்திருப்பாள்.

பாலக்காட்டுக் குடும்பம். பிறந்தது, படித்தது, பூணூல் போட்டுக்கொண்டது எல்லாம் மாட்டுங்காவில். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக நுழைந்து, சூப்பரிண்டெண்டாக வெளியே வந்தார். நடுவில் என்ன செய்தார் என்று கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எந்த மேலதிகாரிக்கு எந்தக் கோயில் பிரசாதம் பிடிக்கும், எந்தச் செயலாளருக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது, யார் பெண்ணுக்கு எப்போது கல்யாணம், இதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு ஒரு கம்பெனி அவரைக் கொத்திக்கொண்டு போனது. துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் தண்ணீருக்கு அடியில் காவல் போடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் கம்பெனி அது. எந்தக் கதவைத் தட்டினால் எது திறக்கும் என்று தெரிந்த ஒரு கிழவர் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

காலையில் திலக் நகரில் ஹார்பர் லைன் வண்டி ஏறியதும் சங்கரனின் பிரசங்கம் தொடங்கிவிடும். "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும் ஓய்? ராத்திரி ஒருத்தன் நீஞ்சி வருவான். கப்பல் அடியில அட்டை மாதிரி குண்டை ஒட்ட வெச்சுட்டுப் போயிண்டே இருப்பான். இல்லேன்னா கப்பல் தண்ணி உறிஞ்சற துவாரத்துல போதைமருந்துப் பொட்டலத்தை சொருகிடுவான். யாருக்குத் தெரியப்போறது? எங்களுக்குத்தான் தெரியும்." எதிரே உட்கார்ந்திருப்பவர் வடாபாவை மெல்ல மறந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். சங்கரனுக்கு அன்றைய பசி அதிலேயே பாதி அடங்கிவிடும்.

ஆபத்து பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆபத்துக்கு எதிரே நிஜமாகவே போய் நின்றவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான். தாராவியில் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில் இருக்கும் முகம்மது ஹனீப்பும் அவர் மகன் பைசானும். ஹனீப்பின் குடும்பம் காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு கப்பலும் கிளம்புவதற்கு முன்னால் பைசான் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடுவான். அந்தக் கறுப்புத் தண்ணீரில் தன் கையைத் தனக்கே தெரியாது. தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும். மேலே ஹனீப் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் ஒருமுறை சுண்டினால் 'எப்படி இருக்கே' என்று அர்த்தம். அவன் திருப்பிச் சுண்டினால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். அப்பனும் பிள்ளையும் வீட்டில் பேசிக்கொண்டதைவிடக் கயிற்றில் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

சங்கரனுக்கு இவர்களை நேற்று இன்று பழக்கமில்லை. துறைமுக ஆபீசில் இருந்த காலத்திலேயே ஹனீப் அங்கே ஒப்பந்த டைவர். பெருநாள் வந்தால் ஹனீப்பின் மனைவி பீவி, 'சங்கரன் சாருக்கு' என்று புதுப் பாத்திரத்தில் தனியாகச் சேமியாப் பாயசம் வைத்துக் கொடுத்தனுப்புவாள். அதைச் சங்கரன் நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறார். குழந்தைப் பைசானைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கிரேன் காட்டியிருக்கிறார். இந்த உறவுக்கு அவர் பின்னால் என்ன மரியாதை செய்தார் என்பதுதான் சொல்ல வந்த விஷயம்.

நகரத்தின் கிழக்குக் கரையில் ஒரு தனியார் சரக்குத்துறை. அங்கே காவல் போடும் வேலை மொத்தமும் தங்களுக்கே வரவேண்டும் என்று கம்பெனி அலைந்தது. அதற்காக ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். அது சத்தம் அனுப்பும். திரும்பி வரும் எதிரொலியை வைத்து, அடியில் எது நகர்கிறதோ அதை மேலே திரையில் புள்ளியாகக் காட்டும். சோனார் என்று பெயர். தெளிந்த கடலில் ஒழுங்காக வேலை செய்யும் சாமான்தான். இங்கே இருப்பது தண்ணீரா? சேறு, பிளாஸ்டிக் பை, கரைத்த பிள்ளையாரின் கை கால், கிழிந்த மீன்வலை, பூசணிக்காய். திரை முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். அதில் எது மனிதன், எது பூசணிக்காய் என்று கருவிக்கே விளங்கவில்லை.

திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தனாவுக்கு. மாட்டுங்காப் பெண், சங்கரனின் பழைய சிநேகிதர் மகள், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தில்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்க்கப் போகிறார் என்றதும் ஒத்திகைகள் நடந்தன. பைசான்தான் எதிரி. அவன் தூரத்திலிருந்து நீருக்கடியில் நீந்தி வந்து ஜெட்டி என்னும் துறை மேடையை ஒட்டி நிற்கும் கப்பலைத் தொட வேண்டும். அதற்குள் திரை அவனைக் காட்டிக்கொடுத்து மணி அடிக்க வேண்டும். ஒத்திகைக்கு ஒத்திகை மானம் போனது. ஒருமுறை செத்த நாய்க்கு மணி அடித்தது. ஒரே ஒரு நாள், என்ன புண்ணியமோ, தண்ணீர் தெளிந்திருந்தது. பைசான் கிளம்பிய இடத்திலிருந்து கப்பல்வரை ஒற்றைப் புள்ளியாக, அழகாக, கோடு போட்டதுபோல் வந்தான். வந்தனா அதைப் பதிவு செய்து வைத்திருந்தாள்.

சங்கரனின் வாழ்க்கையில் சொந்தமாக உதித்த யோசனை ஒன்று உண்டென்றால் அது அப்போது உதித்ததுதான்.

"அன்னிக்கு இதையே போட்டுடு" என்றார்.

வந்தனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், இது ரெக்கார்டிங். லைவ் இல்லே. யாராவது கேட்டா?"

"யார் கேக்கப்போறா? பைசான் நிஜமாவே தண்ணியில இருக்கப்போறான். நிஜமாவே அதே வழியில வரப்போறான். பாக்கறவாளுக்குத் தெளிவாக் காட்டறோம், அவ்வளவுதானே? பொய்யா இது?"

பொய் இல்லையாம். இப்படித்தான் அந்த மனிதர் தனக்குத்தானே காதில் பூச் சுற்றிக்கொண்டார். ஹனீப்பிடமும் பைசானிடமும் இதை மூச்சுக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவாகியிருந்தது. நேரத்தைச் சொன்னது ஹனீப். கடல் ஏறி முடிந்து, வற்றத் தொடங்குவதற்கு முன்னால், தண்ணீர் இழுக்காமல் நிற்கும் கொஞ்ச நேரம் அன்றைக்கு அப்போதுதான். அதை முடித்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்கும் போய்விடலாம். எல்லோருக்கும் சரியாக இருந்தது. சங்கரன் மட்டும் வீட்டில் சமையலறைக் காலண்டரைப் பார்த்துவிட்டு வியர்த்துப்போனார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகு காலம். அவர் ராகு காலத்தில் புதுப் பற்பசையைக்கூடப் பிரித்ததில்லை.

நம்பிக்கை அவரவர் பாடு. அதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம். 'எனக்கு ராகு காலத்தில் காரியம் தொடங்க மனசு வராது' என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் மனிதன் என்று மதித்திருக்கலாம். உடனே வேறு நாள் பார்த்திருப்பார்கள். ஆனால் அதிநவீனக் கருவி விற்கும் தலைமை ஆலோசகர் இதை எப்படிச் சொல்லுவார்? வெட்கம். அதனால் ஹனீப்பைக் கூப்பிட்டுப் பொய் சொன்னார்.

"ஹனீப், பதினோரு மணி வேண்டாம். தில்லிக்காரர் ஃப்ளைட் லேட்டாம். பன்னெண்டு அடிச்சப்புறம் வெச்சுக்கலாம்."

"பன்னெண்டு தாண்டுனா தண்ணி வத்த ஆரம்பிச்சிருமே சார். இழுவ ஜாஸ்தியா இருக்கும். ஜும்ஆவும் போயிரும்."

"ஒரு வெள்ளிக்கிழமைதானே. அல்லா கோச்சுக்க மாட்டார்."

தன்னுடைய ராகுவை ஒன்றரை மணி நேரம் ஒத்திப்போட முடியவில்லை, ஹனீப்பின் அல்லா மட்டும் அனுசரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இழுக்கும் என்பது சங்கரனுக்குத் தெரியாமலா? முப்பது வருஷம் துறைமுக ஆபீசில் ஏற்ற வற்ற நேரங்களைச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

இன்னொன்றும் செய்தார். "கயிறு வேண்டாம் ஹனீப். எதிரி கயிறு கட்டிண்டா வருவான்? பாக்கறவா சிரிப்பா."

"சிரிக்கட்டும் சார்" என்றார் ஹனீப். மெல்லிசான நைலான் கயிறாக ஒன்றைப் பைசானின் இடுப்பில் கட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தில்லி அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பன்னிரண்டுவரை தாக்காட்டச் சங்கரன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கச்சோரி வந்தது, முந்திரி வந்தது, ரவா கேசரி வந்தது. மேஜைமேல் தாம்பாளங்கள் நிரம்பி வழிந்தன. நடுநடுவே சங்கரன் ஜன்னலோரம் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெட்டி. அதன் தூண்களை ஒட்டிக் கம்பெனி ஒரு தடுப்பு வலையையும் தொங்கவிட்டிருந்தது, சும்மா காட்சிக்கு. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. வலை ஒரு பக்கமாக உப்பிக்கொண்டிருந்தது. சங்கரன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "சார், இன்னும் ரெண்டு கச்சோரி?" என்றார்.

பன்னிரண்டு அடித்தது. தூரத்தில் பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகு ஒன்றுக்குப் பின்னால் மறைந்து நின்ற சிறிய படகிலிருந்து பைசான் இறங்கினான். படகில் ஹனீப் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். மேலே வந்தனா பதிவை ஓடவிட்டாள். திரையில் ஒற்றைப் புள்ளி புறப்பட்டது. சங்கரன் குச்சியை எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினார். "பாருங்கோ சார், சத்ரு கிளம்பிட்டான். அவனுக்குத் தெரியாது நாம பாத்துண்டிருக்கோம்னு."

கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. ஹனீப்.

"சார், கயிறு பதில் சொல்ல மாட்டேங்கு. தண்ணி அவன ஜெட்டிப் பக்கம் இழுத்துட்டுப் போவுது. ஆட்டத்த நிப்பாட்டுங்க. மீட்புப் படக அனுப்புங்க."

இந்த இடத்தில் அந்த மனிதர் செய்ததைக் கவனிக்க வேண்டும். அவர் திரையைப் பார்த்தார். புள்ளி ஜம்மென்று வந்துகொண்டிருந்தது. அது போன மாதத்துப் புள்ளி. போடச் சொன்னதே இவர். இருந்தும் அதைப் பார்த்ததும் இவருக்கு நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய் மெதுவான குரலில் சொன்னார்:

"ஹனீப், பதறாதே. வந்துண்டிருக்கான். நன்னா வந்துண்டிருக்கான். நான் பாத்துண்டுதான் இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக் கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தூ. வேறென்ன சொல்ல?

பைசான் வரவில்லை. வற்றும் தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டுபோய் ஜெட்டித் தூண்களுக்கு இடையில் கம்பெனியின் சொந்த வலையில் செருகியிருந்தது. சிலிண்டரின் வால்வு வலைக்கண்ணில் சிக்கி, வாயிலிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஹனீப் படகோட்டியைக் கயிறு போன வழியே ஜெட்டிப் பக்கம் விரட்டச் சொல்லி, அங்கே தலைவழியே சட்டையைக் கழற்றி எறிந்து, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடியே அடியில் போனார். ஐம்பத்தைந்து வயது. சிலிண்டர் இல்லை. கயிறு எங்கே முடிகிறதோ அங்கே மகன் இருப்பான். அவருக்கு அது மட்டும்தான் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த நைலான் கயிறு இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை இவ்வளவு வாயாடிச் சொல்ல முடியாது.

வலையை அறுத்து மகனை ஜெட்டிப் படிக்கட்டில் இழுத்துப் போட்டார். கவிழ்த்துப் போட்டு முதுகில் குத்தினார். அவன் கறுப்புத் தண்ணீரைக் கக்கினான். இன்னும் கக்கினான். பிறகு ஒரு மூச்சு, முழுசாக இழுத்து விட்டான். ஹனீப் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

மேலே ஜன்னலோரம் நின்று காற்று வாங்கிய தில்லி அதிகாரி கீழே எட்டிப் பார்த்தார். சேறும் ரப்பர் உடையுமாக ஒருவன் படியில் குப்புறக் கிடந்தான். அவருக்குப் பின்னால் அதே நேரம் திரையில் மணி கணகணவென்று அடித்தது. சத்ரு அகப்பட்டுவிட்டான். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி கைதட்டவில்லை. திரையைப் பார்த்தார், திரும்பிக் கீழே பார்த்தார்.

"நீந்தி வருகிறவன் அங்கே தண்ணீரில் இருக்கிறான் என்றால், கீழே கிடக்கிறவன் யார்?" என்று இந்தியில் கேட்டார்.

சங்கரனும் எட்டிப் பார்த்தார். பைசான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒன்று திரை பொய்யாக வேண்டும், இல்லை பைசான் பொய்யாக வேண்டும். திரையின் விலை கோடிக்கணக்கில். கீழே கிடப்பவன் லேபர் கேம்ப். முப்பது வருஷம் யார் பக்கம் சாய வேண்டும் என்று மட்டுமே பழகிய கழுத்து, தானாகச் சாய்ந்தது.

"திரையில இருக்கறவன் நம்ம ஆள் சார்" என்றார். "இவன் யாருன்னு தெரியலை."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் பைசான் நிஜ எதிரியாகிவிட்டான். சோதனை நாளில், பெரிய அதிகாரி வந்திருக்கும் நேரத்தில், கப்பலுக்கு அடியில் அடையாளம் தெரியாத ஒருத்தன். சைரன் அலறியது. துப்பாக்கிக் காவலர்கள் தடதடவென்று படியிறங்கினார்கள். கிளம்பத் தயாராக இருந்த கப்பலை நிறுத்தினார்கள். இப்போதுதான் மூச்சு வந்தவனைப் புரட்டி முகத்தைக் கல்லில் அழுத்தி, முதுகில் முழங்காலை வைத்து, கையைப் பின்னால் கட்டினார்கள். மகன்மேல் விழுந்த ஹனீப்பை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள்.

"பெயர் என்ன?"

"பைசான்" என்றான், இருமலுக்கு நடுவே.

"வீடு?"

"தாராவி."

காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு முதுகில் இருந்த முழங்கால் இன்னும் அழுத்தியது. குண்டை எங்கே வைத்தாய், எந்தக் கப்பலில், கூட வந்தது யார் என்று கேள்விமேல் கேள்வி. அவன் பதில் சொல்ல முயன்றான், இருமல்தான் வந்தது.

"வாரும், வந்து முகத்தைச் சரியாகப் பாரும்" என்று அதிகாரி சங்கரனைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். கடவுள் இந்த மனிதருக்குத் தந்த இரண்டாவது வாய்ப்பு அது. படிக்கட்டு முழுக்க நேரம் இருந்தது. 'பதட்டத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று சொல்ல ஒரு நாக்கு போதும். காவலர் ஒருவர் பைசானின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். நெற்றியில் ரத்தம். முகமூடி எதுவும் இல்லை.

"சார்" என்றான் பைசான். "நான்தான் சார்."

"பைசான் சார்" என்றார் ஹனீப். "நம்ம பைசான். சொல்லுங்க சார்."

"தெரியுமா உமக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

சங்கரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. "இல்லை சார். தெரியாது" என்றார்.

ஹனீப் சங்கரனையே பார்த்துக்கொண்டு நின்றார். மகனைத் தூக்கி நிறுத்தி வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினார்கள்.

அப்போது மேலே ஜன்னலில் ஒரு விருந்தாளித் தலை தெரிந்தது. கையில் கேசரித் தட்டு. "சார், உங்கள் ஆள் கப்பலைத் தொட்டுவிட்டான்" என்று அங்கிருந்தே இந்தியில் சொன்னார். "இப்போது மறுபடியும் முதலிலிருந்து கிளம்பி வருகிறான். அதே இடம், அதே வழி. இது எப்படி?"

பதிவு ஒருமுறை முடிந்து, தானாகத் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்த வேண்டியவள் நாற்காலியில் இல்லை. வந்தனா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். அதிகாரிக்கு எதிரே வந்து நின்றாள்.

"சார், அது ரெக்கார்டிங். நான்தான் போட்டேன். இவன் எங்க டைவர் பைசான். அவர் இவனோட அப்பா. இன்னிக்குத் தண்ணியில இறங்கினது இவன் ஒருத்தன்தான்."

"யார் போடச் சொன்னது?"

அவள் சங்கரனைப் பார்த்தாள். சங்கரனோ கூசாமல், "நானே சொல்ல வாயெடுத்தேன் சார், அதுக்குள்ள இந்தப் பொண்ணு" என்று இழுத்தார். அதிகாரி அவர் பக்கமே திரும்பாமல், "கட்டை அவிழுங்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்" என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு, போகிற போக்கில் சட்டையில் ஒட்டியிருந்த கச்சோரித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

கம்பெனிக்கு அந்தக் காவல் வேலை கைநழுவியது. வந்தனாவை அடுத்த வாரமே நிறுத்தினார்கள். அவள் தாதரில் ஒரு வங்கிக் கிளையில் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சங்கரன்மேல் விசாரணை வந்தது. காவல் படைக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தார், கப்பலை நிறுத்த வைத்தார் என்று. வக்கீல் ஒரு வழி சொன்னார். "முகமெல்லாம் சேறு, பதட்டத்தில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று அந்த அப்பாவும் பிள்ளையும் சொன்னால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கரன் ஆப்பிள் பையோடு லேபர் கேம்ப்புக்குப் போனார். இத்தனை வருஷத்தில் பாயசம் அங்கிருந்து இங்கே வந்திருக்கிறதே தவிர, இவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சந்துக்குள் மூன்று இடத்தில் வழி கேட்டார். கீழே தையல் பட்டறை, மேலே வீடு. செங்குத்தான இரும்பு ஏணியில் வேட்டியைத் தூக்கிக்கட்டிக்கொண்டு ஏறினார்.

பைசான் சுவரோரம் படுத்திருந்தான். நெற்றியில் கட்டு. நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போய்க் காய்ச்சல் விடாமல் இருந்தது. இனிமேல் டைவ் அடிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கரனைப் பார்த்ததும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பீவி எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஹனீப் பாயில் உட்கார்ந்திருந்தார்.

சங்கரன் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மென்று முழுங்கி விஷயத்துக்கு வந்தார். வயசு, ரத்தக்கொதிப்பு, சுப்புலக்ஷ்மியின் முழங்கால், பென்ஷன், இருபத்தைந்து வருஷப் பழக்கம் எல்லாவற்றையும் வரிசையாகக் கடைவிரித்தார். பைசானுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க மறந்துபோனார்.

"ஒரே ஒரு வார்த்தை ஹனீப். மொகமெல்லாம் சேறு, அதனால எனக்குத் தெரியலைன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்னாப் போறும். என் மானம் உன் கையில."

பீவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹனீப் கையமர்த்தினார்.

"சொல்லுதேன் சார்" என்றார்.

சங்கரனுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "நெஜமாவா ஹனீப்?"

"நெசமாத்தான். அவருக்கு எங்களத் தெரியாதுன்னே சொல்லிருதேன். எம் மவனும் சொல்லுவான். அதுல பொய் ஒண்ணும் இல்லியே." அவர் குரல் உயரவே இல்லை. "நீங்களும் அந்தச் சொல்லக் காப்பாத்திக்கிடுங்க. இந்த ஏணிய விட்டு எறங்குனதும் எங்க யாரையும் ஒங்களுக்குத் தெரியாது."

இதைக் கேட்டு ஒரு மனிதனுக்குச் செத்துவிடலாம் போல் இருந்திருக்க வேண்டும். சங்கரனுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. "ரொம்ப உபகாரம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆப்பிள் பையை வாசல் ஓரம் வைத்துவிட்டு, ஏணியில் கால் தேடித் தேடி இறங்கத் தொடங்கினார். பாதி ஏணியில் அந்தப் பை மேலிருந்து அவர் தோளுக்கு நேரே நீண்டது. பீவியின் கை. அவர் வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு ருக்சானா துணி உலர்த்திக்கொண்டே குரல் கொடுத்தாள். "யாரு அக்கா வந்தது?"

"தெரியல ருக்சானா" என்றாள் பீவி. "யாரோ வீடு மாறி ஏறிட்டாரு."